டப் கவிதை: சொல் விளக்கம்

டப் கவிதை என்பது மேடையில் வாய்விட்டுச் சொல்வதற்கென்றே எழுதப்படுவது. ரெகே இசையின் தாளம் வரிகளுக்குள்ளேயே ஓடும். 1970களில் ஜமைக்காவிலும் லண்டனிலும் வளர்ந்தது.

‘டபுள்’ என்பதன் குறுக்கம்தான் ‘டப்’. ஒலிப்பதிவைப் படியெடுப்பதைக் குறித்தது. நம் சினிமா ‘டப்பிங்’குக்கும் வேர் இதுவே. ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனின் ஒலிக்கூடங்களில் பொருள் மாறியது. இசைத்தட்டின் பின்பக்கத்துக்காகப் பாடகரின் குரலைப் பெரும்பாலும் நீக்கி, பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் தூக்கி நிறுத்தி, எதிரொலி சேர்த்தார்கள். ஒலிப்பொறியாளர் கிங் டபி இதில் முன்னோடி. குரல் போன இடத்தில் டீஜேக்கள் மைக் பிடித்துப் பேசினார்கள். பின்னால் கவிஞர்களும் வந்தார்கள். டீஜேவுக்கு இசைத்தட்டு வேண்டும், டப் கவிஞருக்கு அதுகூட வேண்டாம். லண்டனில் வாழும் ஜமைக்கக் கவிஞர் லிண்டன் க்வேசி ஜான்சன் வாத்தியமே இல்லாமல் சொன்னாலும் பேஸ் கேட்கும்.

ரெகேயின் ‘ஒன் டிராப்’ தாளத்தில் நான்கு எண்ணிக்கையில் முதலாவது காலி. டிரம்ஸின் அழுத்தம் மூன்றாவதில் விழும். முதல் எண்ணிக்கையிலேயே சொல்லை அழுத்தினால் அணிவகுப்புப் பாட்டாகிவிடும். அந்தக் காலியிடத்தில் கூட்டமே காத்திருக்கும். சொல் விழும்போது எல்லார் உடம்பிலும் சேர்ந்து விழும். ஒருவரின் கோபம் ஊரின் கோபமாவது அங்கேதான். கத்தினால் அந்த இடைவெளி நிரம்பிக் கெட்டுப்போகும்.

ஜான்சனின் ‘சன்னீஸ் லெட்டா’ (1979) சிறையிலிருந்து மகன் தாய்க்கு எழுதும் கடிதம். சந்தேகப்பட்டாலே கைதுசெய்ய 1824ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று பிரிட்டன் போலீசுக்கு இடம் கொடுத்தது. அதில் கறுப்பின இளைஞர்கள் ஏராளமாகச் சிக்கினார்கள். மரியாதையான கடித நடையில் தொடங்கும் கவிதை, போலீஸ் தாக்கும் இடத்தில் அடிக்கொரு குறுவரியாக இறங்கும். அந்தச் சட்டப்பிரிவு 1981இல் நீக்கப்பட்டது. ஜமைக்காவிலோ, அரசியல் கூட்டத்தில் அமைச்சரை எதிர்த்துக் குரல் எழுப்பிய கவிஞர் மைக்கேல் ஸ்மித், மறுநாளே கல்லெறிந்து கொல்லப்பட்டார். அது 1983.

தமிழில் ‘டப்பிங் கவிதை’ என்பது பிழை. பறையைக் குறிக்கும் ‘தப்பு’க்கும் இதற்கும் உறவில்லை, ஓசை ஒற்றுமை மட்டுமே. ‘நிகழ்த்துகவிதை’ பொதுச்சொல், ரெகே அதில் விடுபடுகிறது. ‘ரெகே தாளக்கவிதை’ என்று முதலில் விளக்கிவிட்டு, பிறகு ‘டப் கவிதை’ என்றே எழுதலாம்.

மூலம் பட்வா எனும் ஜமைக்கப் பேச்சுமொழி. பள்ளிக்கூட ஆங்கிலத்தை மறுத்து அதில் எழுதியதே அரசியல். எனவே மொழிபெயர்ப்பவர் எழுத்துத் தமிழுக்குப் போகாமல் பேச்சுத் தமிழில் எழுத வேண்டும். எழுதியதைக் கால்தட்டிச் சொல்லிப் பார்த்து, அழுத்தமான சொல் மூன்றாம் தட்டில் விழாத வரியைத் திருத்த வேண்டும்.