ரெஸ்டோரேஷன்: மீட்சியா, மீட்பா?

பம்பாய் ஆங்கிலேயருக்குச் சீதனமாக வந்தது என்று பள்ளியில் படித்திருப்போம். போர்ச்சுகல் இளவரசி கேதரினை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் மணந்தபோது கிடைத்த தீவு அது. அந்தத் திருமணத்துக்குப் பின்னால், இரண்டு நாட்டிலும் நடந்த ஆட்சி மாற்றங்கள் இருக்கின்றன. வரலாற்று நூல்கள் அந்த இரண்டையும் 'ரெஸ்டோரேஷன்' என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றன. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடக் கூடாது என்பது என் கருத்து.

சொல்லின் வேர் லத்தீன். பழுதானதைச் சரிசெய்வது, பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்பது பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் சாப்பிடப் போகும் ரெஸ்டாரண்டும் இதே குடும்பம்தான்: பாரிஸில் உடம்பைத் தேற்றுவதற்காகக் குடித்த சூப்புக்கு முதலில் அந்தப் பெயர் இருந்தது, அப்புறம் அதை விற்ற கடைக்கும் ஒட்டிக்கொண்டது. பழைய ஓவியத்தையோ சிற்பத்தையோ பழுதுபார்ப்பதற்கும் இதே சொல்தான். அங்கே 'சீரமைப்பு', 'புதுப்பித்தல்' என்று எழுதினால் போதும். அரசியலுக்கு வரும்போதுதான் சிக்கல்.

இங்கிலாந்தில் 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள். முடியாட்சியே ஒழிக்கப்பட்டது. பிறகு நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் 1658-இல் இறந்தார். அவருடைய மகனால் ஓர் ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1660-இல் நாடாளுமன்றமே அழைக்க, கொல்லப்பட்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார். லண்டனுக்குள் அவர் நுழைந்த மே 29 அவருடைய 30-ஆவது பிறந்தநாள். அந்த ஆண்டு இயற்றிய சட்டங்களில் அதை அவருடைய ஆட்சியின் 12-ஆவது ஆண்டு என்றே குறித்தார்கள். தந்தை இறந்த நாளிலிருந்தே மகன் ஆண்டதாகக் கணக்கு. இடையில் இருந்த குடியரசு நடக்கவே இல்லை என்பது போல!

போர்ச்சுகல் கதை வேறு. அங்கே ஆண்ட அவிஸ் வம்சம் வாரிசு இல்லாமல் முடிந்ததும், 1580-இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் அந்த முடியையும் எடுத்துக்கொண்டார். 60 ஆண்டு கழித்து, 1640 டிசம்பர் 1 அன்று லிஸ்பன் அரண்மனைக்குள் பிரபுக்கள் சிலர் புகுந்தார்கள். ஸ்பெயின் ஆட்சியின் செயலராக இருந்த வாஸ்கோன்செலோஸைக் கொன்று ஜன்னல் வழியாக வீசினார்கள். பிரகான்சா கோமகன் நான்காம் ஜோவான் என்ற பெயரில் மன்னரானார். இங்கே பழைய வம்சம் திரும்பவில்லை. புது வம்சம்தான் வந்தது. திரும்பக் கிடைத்தது நாட்டின் விடுதலை. அந்த நாள் இன்றும் அங்கே பொது விடுமுறை.

சரி, தமிழுக்கு வருவோம். 'மீள்' என்ற வினையை நாம் இரண்டு விதமாகப் புழங்குகிறோம். 'மீண்டான்' என்றால் அவனே திரும்பி வந்தான். 'மீட்டான்' என்றால் பிறர் பிடியில் இருந்ததைத் திரும்பப் பெற்றான். அடகு வைத்த நகையை மீட்பது போல. ஆள் என்பதிலிருந்து ஆட்சி வருவது போல மீள் என்பதிலிருந்து மீட்சி வருகிறது. ஆகவே 1660-க்கு 'முடியாட்சி மீட்சி', 1640-க்கு 'விடுதலை மீட்பு'. 'மறுசீரமைப்பு' என்று சிலர் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கிழிந்த நிர்வாகத்தைத் தைத்தது போன்ற பொருளைத்தான் அது தருகிறது.

இந்த வேறுபாடு பம்பாய்க்கு ஏன் முக்கியம்? மீட்டதைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் போர்ச்சுகலுக்கு இருந்தது. ஸ்பெயின் அதன் விடுதலையை 1668 வரை ஏற்கவில்லை. கிழக்கே ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) போர்ச்சுகலின் இடங்களைக் கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்: 1656-இல் கொழும்பு, 1658-இல் யாழ்ப்பாணம், தூத்துக்குடி, நாகப்பட்டினம். பிரகான்சா வம்சத்துக்கு ஒரு துணை வேண்டும். திரும்பி வந்த சார்லஸுக்கோ பணம் வேண்டும். 1661 திருமண உடன்படிக்கையில் பெருந்தொகையோடு வட ஆப்பிரிக்கத் துறைமுகமான தாஞ்சியரும் பம்பாயும் இங்கிலாந்துக்குப் போயின. பதிலுக்குப் போர்ச்சுகலைக் காக்கப் படை அனுப்ப இங்கிலாந்து ஒப்புக்கொண்டது.

கோவாவில் இருந்த போர்ச்சுகீசிய ஆளுநர் தீவைக் கொடுக்க மனமில்லாமல் இழுத்தடித்தார். அதை வாங்க வந்த ஆபிரகாம் ஷிப்மன் கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவு என்ற சிறு தீவில் காத்திருந்தே 1664-இல் இறந்துபோனார். அவருடைய வீரர்களில் பெரும்பாலோரும் நோயில் மடிந்தார்கள். 1665-இல்தான் தீவு கைமாறியது. பம்பாயை அடுத்த சாஷ்டி தீவும் அதோடு சேர்ந்தது என்று ஆங்கிலேயர் வாதிட்டும் அது கிடைக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கியதை வைத்துக் காப்பது சார்லஸுக்குச் செலவாகத்தான் இருந்தது. 1668-இல் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். 1687-இல் கம்பெனி தன் மேற்குக் கரைத் தலைமையிடத்தையே சூரத்திலிருந்து பம்பாய்க்கு மாற்றிக்கொண்டது.