வாய் ஏன் இழுத்துக்கொள்கிறது?

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு பெரிய உணவுக்கடையில் பாலாடைக்கட்டி, ஆலிவ், ஒயின் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னார்களாம். வெள்ளை ஒயின் ஒன்றும் செய்யவில்லை. சிவப்பு ஒயினை ஒரு வாய் குடித்ததும், பச்சை வாழைப்பூவைக் கடித்த மாதிரி வாயெல்லாம் இழுத்துக்கொண்டது. தண்ணீர் குடித்தும் போகாதது, ஒரு துண்டு பாலாடைக்கட்டி தின்றதும் போய்விட்டது. ஏன் என்று கேட்கிறார்.

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சிச்சாறு, காளானில் வரும் ருசி) ஆகிய ஐந்துக்கும் நாக்கில் தனித்தனி உணர்விகள் உண்டு. பள்ளியில் படித்ததுதான். நம் அறுசுவையில் இடம்பெறும் துவர்ப்பு அந்த வரிசையில் இல்லை. அதை நாம் பெரும்பாலும் தொடு உணர்வாகவே அறிகிறோம். எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் இங்கேதான் நடக்கிறது.

எச்சிலில் 99 சதவீதம் தண்ணீர். ஆனாலும் அது வழவழவென்று இருக்கக் காரணம், மீதியுள்ள புரதங்கள். அவற்றில் ஒரு வகையில் புரோலின் என்ற அமினோ அமிலம் ஏராளம். புரோலின் நிறைந்த சங்கிலி இறுக்கமாகச் சுருண்டுகொள்ளாமல் நீண்டு விரிந்து கிடக்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும், வாழைப்பூவிலும், பாக்கிலும் இருக்கிற டானின் என்ற துவர்ப்புப் பொருள் அந்தப் புரதத்தைக் கண்டால் விடாது. ஒரே டானின் மூலக்கூறு இரண்டு மூன்று புரதங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அவை பால் திரிவதுபோலத் திரிந்து, கரைசலிலிருந்து பிரிந்துவிடும். வாயில் எச்சில் இருக்கிறது, வழவழப்பு மட்டும் போய்விட்டது. நாக்கு அண்ணத்தில் உரசுகிறது. அந்த உரசலைத்தான் ‘இழுக்கிறது’ என்கிறோம்.

கண்ணாலும் பார்க்கலாம். பால் ஊற்றாத கெட்டித் தேநீரை ஆறவைத்து, வாயில் நன்றாகக் கொப்பளித்து, ஒரு கண்ணாடிக் குவளையில் துப்புங்கள். கலங்கலாக, நூல்நூலாக மிதக்கும். ஆவாரம் பட்டையில் தோல் பதனிடுவதும் இதே வேலைதான். அங்கே டானின் பிடித்துக்கொள்வது தோலிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தை. அதிலும் புரோலின் நிறைய.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. டானின் மிகுந்த தீவனத்தைத் தின்ற எலிகளின் எச்சில் சுரப்பிகள் சில நாட்களிலேயே பெருத்து, இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கின்றன என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

சரி, பாலாடைக்கட்டிக்கு வருவோம். பாலிலுள்ள கேசீனும் புரோலின் நிறைந்த புரதம். டானின் எச்சிலை விட்டு அதைப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பும் வாயில் வழவழப்பைத் திருப்பித் தருகிறது. வெறும் தண்ணீரால் இரண்டும் முடியாது. கள்ளன் நீக்கி நறுக்கிய வாழைப்பூவை நம் வீடுகளில் மோரில் போடுகிறோமே, அங்கேயும் கேசீன்தான் கைகொடுக்கிறது. மோரின் புளிப்பு பூ கறுக்காமலும் காக்கிறது. எவ்வளவு புளித்த மோர், எவ்வளவு நேரம், எந்த ரகப் பூ என்பதையெல்லாம் அளந்து பார்க்கப் பெரும்பணம் வேண்டாம். தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கும் திருச்சியில் வாழைக்கும் தேசிய நிறுவனங்கள் இருக்கின்றன. இதுமாதிரி அடுப்படிக் கேள்விகளுக்கு இன்னும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

துவர்ப்பு என்றாலே ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டானின் செய்வது மேலே சொன்ன வேலை. அதைச் சாக்காக வைத்துத் தினமும் சீவல் மெல்ல வேண்டாம். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

அப்புறம், வெள்ளை ஒயின். அதற்குத் திராட்சையைப் பிழிந்ததும் தோலையும் விதையையும் எடுத்துவிட்டு, சாற்றை மட்டும் நொதிக்க வைக்கிறார்கள். சிவப்புக்கு எல்லாம் சேர்ந்தே ஊறும். துவர்ப்பு வாய்க்கு வாய் கூடிக்கொண்டே போவதால், அடுத்த முறை பாலாடைக்கட்டியைக் கடைசிக்கு வைக்காமல் இடையிடையே கடித்துக்கொள்ளுங்கள்.