ரிஜெக்ட் ஆன பேப்பரை அன்றைக்கே வேறெங்கும் அனுப்பாதீர்கள்

கோவையில் ஆய்வு மாணவர்கள் ஜர்னல்களுக்கு (ஆய்விதழ்களுக்கு) அனுப்பும் ஆய்வுக் கட்டுரைகளை, அதாவது பேப்பர்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். கைக்கு வருபவற்றில் நிறைய பேப்பர்கள் ஏற்கெனவே எங்கோ திரும்பியவை. மெயில் வந்த இரவே ஜர்னல் பெயரை மட்டும் மாற்றி அடுத்த இடத்துக்கு அனுப்பி, அங்கேயும் அடிபட்ட பிறகுதான் தேடி வருகிறார்கள்.

முதலில், திருப்பியது யார் என்று பாருங்கள். பேப்பரைப் படித்து மதிப்பிடும் துறை வல்லுநரான ரிவ்யூவருக்கே போகாமல் எடிட்டரே சில நாட்களில் திருப்பியிருந்தால், பெரும்பாலும் பேப்பர் அந்த ஜர்னலின் எல்லைக்குள் வரவில்லை என்றுதான் பொருள். வேறு ஜர்னல் தேடினால் போதும். பெரிய பதிப்பகங்கள் தங்களுடைய இன்னொரு ஜர்னலுக்கு மாற்றித் தருவதாகவும் சொல்லும். சம்மதிக்கும் முன் அங்கே கட்டணம் உண்டா என்று பாருங்கள்.

ரிவ்யூவர் படித்துத் திருப்பியது வேறு கதை. ஒரு துறையில் ஆழமாகப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அடுத்த ஜர்னலும் அதே ஆளிடம் அனுப்பலாம். தான் சுட்டிய பிழை அப்படியே இருப்பதைப் பார்த்தால் அவர் என்ன எழுதுவார்?

எங்கள் பக்கம் அடிக்கடி வருவது நொய்யல் ஆற்றைப் பற்றிய பேப்பர். திருப்பூர் சாயக் கழிவு ஆற்றோடு வந்து தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றிக் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, உப்பும் கடினத்தன்மையும் அளந்து, அளவு கூடுதல் என்று முடித்திருப்பார்கள். “உள்ளூர் முக்கியத்துவம் மட்டுமே” என்று ரிவ்யூவர் எழுதுவார். மாணவருக்குக் கோபம் வரும். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறித்தான் அவை மறுபடி ஓடின. அப்படியானால் கேட்க வேண்டியது, கழிவு நின்ற பிறகு நிலத்தடி நீர் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதுதான். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பழைய அளவுகளை உங்கள் அளவுகளோடு வைத்துப் பாருங்கள். சாயத் தொழில் உள்ள எந்த நாட்டுக்காரரும் படிப்பார். புதிதாக ஒரு சாம்பிள்கூட எடுக்க வேண்டியிராது.

1964இல் பீட்டர் ஹிக்ஸின் பேப்பரை ‘பிசிக்ஸ் லெட்டர்ஸ்’ திருப்பியது. புதிய துகள் ஒன்று இருக்க வேண்டும் என்ற குறிப்பைக் கடைசியில் சேர்த்து ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸுக்கு’ அனுப்பினார். அது வெளிவந்தது. 2013இல் நோபல் வந்தது. உலகம் இன்று அவர் பெயரால் அழைப்பது, அப்படிச் சேர்த்த அந்தத் துகளைத்தான்.

“ஏனுங்ண்ணா, பணம் கட்டுனா மூணே நாள்ல போட்டுத் தர்றாங்களாமுங்க” என்று கேட்காத மாணவர் குறைவு. மூன்று நாளில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம், அங்கே வெளிவந்த பேப்பரை வேறு நல்ல ஜர்னல் எதுவும் எடுக்காது என்பது. உண்மையான ஜர்னலின் பெயரிலேயே போலி இணையதளமும் நடத்துகிறார்கள். அவர்கள் காட்டும் சான்றிதழை நம்பாமல் ஜர்னல்களைப் பட்டியலிடும் ஸ்கோப்பஸ் தளத்திலேயே தேடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, ஏற்கத்தக்க ஜர்னல்கள் எவை என்று சொன்ன தன் கேர் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டதால் சரிபார்க்கும் வேலை இப்போது நம் தலையில்தான். இன்னொன்று, பிஎச்.டி. தீசிஸ் கொடுக்கும் முன் பேப்பர் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், கைடிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதறிப் பணம் கட்டுவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பயம்தான்.

ரிவ்யூவர் உண்மையிலேயே தவறாகப் படித்திருந்தால் எடிட்டருக்கு மேல்முறையீடு எழுதலாம். கோபத்தைக் காட்டாமல், எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று மட்டும் எழுதுங்கள். பதில் வரும்வரை அதை வேறு ஜர்னலுக்கு அனுப்பக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பது தெரிந்தால் இரண்டுமே கையை விட்டுப் போகும்.