மில்லிமீட்டர் வேவ்ல கரண்ட் உண்மையில எங்க போகுது?

5ஜி டவர்ல ரொம்ப உயர்ந்த அலைவரிசைக்கு மாட்டுற ஒரு மில்லிமீட்டர் வேவ் ஆன்டெனா பேனலை டெஸ்ட் பெஞ்ச்ல வச்சு, டேட்டா எதுவும் அனுப்பாம சும்மா ஆன்ல விட்டுட்டு பவர் மீட்டரைப் பாருங்க, நம்பர் பெருசா கீழ இறங்காது, பின்னாடி ஹீட் சிங்க் சூடாவே இருக்கும். இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல காட்டுறது இதைத்தான்.

2.8 கிகாஹெர்ட்ஸோட ஒப்பிட்டா 28 கிகாஹெர்ட்ஸ்ல, அதே கெயின் (சிக்னலை ஒரு பக்கமா குவிக்கிற திறன்) உள்ள ஆன்டெனாவுக்கு, சிக்னல்ல 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு, கூடுதலா இழக்கிறோம். அதை ஈடுகட்டத்தான் 64 ஆன்டெனா, 18 டெசிபல் கெயின் எல்லாம். ஆனா ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனி ஆர்எஃப் செயின் (ரேடியோ சிக்னலைக் கையாளுற சர்க்யூட் வரிசை), தனி ஏடிசி (சிக்னலை டிஜிட்டல் எண்ணா மாத்துற சர்க்யூட்) அப்படின்னு போட்டா அங்கயே பாதி கதை முடிஞ்சுது, ஏடிசில ஒரு பிட் கூட்டினாலே பவர் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், பேண்ட்வித் நூத்துக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வேற. அதனாலதான் ஹைபிரிட் பீம்ஃபார்மிங், சிக்னலை ஒரு திசைல பீமா குவிக்கிற வேலையைப் பிரிச்சுக்கிறது: 64 ஆன்டெனாவுக்கு 4 செயின் வச்சு மிச்சத்தை, அலையை லேசா நகர்த்தி திசை திருப்புற ஃபேஸ் ஷிஃப்டர் பாத்துக்கும். ஏடிசி-யோட பிட்டைக் குறைக்கிறதும் நல்ல வழிதான், ஆனா பக்கத்துல பலமான சிக்னல் இருக்கிற இடத்துல நான் அதுக்கு ஒத்துக்க மாட்டேன்.

பவர் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு தலைவலி. 5ஜி-ல பல சின்ன அலைகளை ஒண்ணா சேத்து அனுப்புற ஓஎஃப்டிஎம் சிக்னல்ல உச்சம் ரொம்ப மேல போகும், அது வெட்டுப்படாம இருக்க பேக்-ஆஃப் குடுக்கணும், அதாவது ஆம்ப்ளிஃபயரை முழு பவருக்குக் கீழயே ஓட்டணும், கிளாஸ் பி வகை ஆம்ப்ளிஃபயர்ல 6 டெசிபல் பின்வாங்கினாலே எஃபிஷியன்சி பாதியாயிடும். டோஹர்ட்டி (ரெண்டு ஆம்ப்ளிஃபயர் சேந்து வேலை செய்ற அமைப்பு), டிஜிட்டல் ப்ரீ-டிஸ்டார்ஷன் (ஆம்ப்ளிஃபயர் செய்யப்போற கோளாறை முன்கூட்டியே சரிக்கட்டுறது) எல்லாம் உதவும், ஆனா ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனித்தனியா ப்ரீ-டிஸ்டார்ஷன் போட்டா மிச்சம் பிடிச்ச பவரை அந்த சர்க்யூட்டே தின்னுடும்.

எனக்கு உண்மையிலயே மனசு கேக்காதது சும்மா இருக்கிற நேரம்தான். எல்டிஇ-ல, அதாவது 4ஜி-ல, போன் டவரை அளந்து பாக்க உதவுற ரெஃபரன்ஸ் சிக்னல் ஒவ்வொரு மில்லிசெகண்டும் போய்க்கிட்டே இருக்கும், 5ஜி-ல அப்படி இல்ல, போன் செல்லைக் கண்டுபிடிக்க உதவுற சிங்க் சிக்னல் மட்டும் வழக்கமா 20 மில்லிசெகண்டுக்கு ஒருதடவை, அதுவும் 5 மில்லிசெகண்டுக்குள்ள எல்லா பீமையும் சுத்தி முடிச்சுடலாம். யாரும் இல்லாத செல்லுல மிச்ச நேரம் முழுக்க தூங்கலாம், ஸ்டாண்டர்டே 160 மில்லிசெகண்ட் வரைக்கும் இடைவெளியை நீட்ட விடுது. கீழ் பேண்ட் கவரேஜ் பாத்துக்குதுன்னா ராத்திரில மில்லிமீட்டர் வேவ் லேயரையே அணைச்சிடலாம். இவ்வளவு வசதி இருந்தும் டெண்டர்ல பீக் ஸ்பீடைத்தான் கேக்குறாங்க.

தயவுசெஞ்சு லோடு சுத்தமா இல்லாதப்ப எத்தனை வாட், 10 சதவீதத்துல எத்தனை, 30-ல எத்தனைன்னு எழுத்துல கேளுங்க. தூக்கத்துல இருந்து முழிக்க எத்தனை மில்லிசெகண்ட் ஆகுதுன்னும் சேத்துக் கேளுங்க, அது ஜாஸ்தியா இருந்தா அந்த ஸ்லீப் மோட் டேட்டாஷீட்ல மட்டும்தான் இருக்கும், எந்த நேரத்துல யாருக்கு அனுப்பணும்னு முடிவு பண்ற ஷெட்யூலர் அதைத் தொடவே தொடாது.