சிட்டிசன் சயின்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

பொங்கல் விடுமுறைக் காலை. காட்பாடி, கழிஞ்சூர் ஏரிக்கரை. ஏரியைப் பார்ப்பதும் கைபேசியில் தட்டுவதுமாக நின்ற என்னிடம், ஆடு ஓட்டி வந்த பெரியவர் "இன்னாப்பா பண்றே?" என்றார். "சிட்டிசன் சயின்ஸ் தாத்தா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "வருஷா வருஷம் பொங்கலுக்குப் பறவை கணக்கெடுக்கறோம்" என்றதும் முகம் மலர்ந்தது. "அதோ கோரை ஓரம் மடையான் நிக்குது பாரு, அத்த எழுதிக்கினியா?"

'சிட்டிசன்' என்ற சொல்லின் வேர் லத்தீன் 'சிவிட்டாஸ்'. முதலில் நகரவாசியைக் குறித்தது. 'சயின்ஸ்' அறிதலைக் குறிக்கும் வேரில் பிறந்தது. இரண்டும் சேர்ந்த சொல் பரவியது 1990களில். சமூகவியலாளர் ஆலன் இர்வின் 1995இல் இதையே தன் நூலுக்குத் தலைப்பாக்கினார்; அவர் நினைத்தது மக்களின் கவலைகளுக்குப் பதில் சொல்லும் அறிவியல். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ரிக் பானி என்பவரோ, பொதுமக்கள் தரவு திரட்டித் தருவதை இப்படி அழைத்தார். இன்று நாம் புழங்குவது இந்தப் பொருள்தான். செயல் இன்னும் பழையது: அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு 1900இலேயே தொடங்கிவிட்டது.

வேடிக்கை பார்ப்பது எப்படி அறிவியலாகிறது? எவ்வளவு நேரம் நின்றோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்று குறிக்கிறோம். காக்கை, மைனா உட்பட அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் பதிகிறோம். அரிய பறவையை மட்டும் பதிந்தால் காக்கை குறைவது யாருக்கும் தெரியாமலே போய்விடும். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை சுமார் 30,000 பேர் தந்த 3 கோடிப் பதிவுகள். செடி கொடிக்கும் இது உண்டு: தெருமுனைப் புளியமரம் எப்போது துளிர்க்கிறது, பூக்கிறது, காய்க்கிறது என்று ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்துப் பதிகிறார்கள்.

சரி, தமிழில் என்ன? 'குடிமக்கள் அறிவியல்' என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. 'குடி' என்றால் வீடு, குடும்பம், குலம். இன்று 'குடிமகன்' என்றாலே நாட்டுரிமை நினைவுக்கு வருகிறது. கொக்கை எண்ணக் குடியுரிமை எதற்கு? 'மக்கள் அறிவியல்' என்பதை, அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்லும் இயக்கங்கள் முன்பே எடுத்துக்கொண்டன என்பது நியாயமான தடைதான். ஆனாலும் நான் அதையே எழுதுவேன். 'மக்கள்' என்றால் பட்டப்படிப்பு இல்லாத அந்தப் பெரியவரும் அதில் அடங்குவார். கூடவே 'பறவைக் கணக்கெடுப்பு', 'மரக் கணக்கெடுப்பு' என்று செயலின் பெயரையும் சேர்த்தால் கேட்பவருக்கு உடனே விளங்கும்.

அன்றைய பட்டியலில் குருட்டுக்கொக்கு (பெரியவர் சொன்ன மடையான்தான்) 6 என்று பதிந்தேன். அதில் இரண்டு நான் தவறவிட்டு அவர் காட்டியவை.