ஜெட்டி – இறங்குதுறை: சொல் விளக்கம்

திருகோணமலையில் ஆட்டோக்காரரிடம் ‘இறங்குதுறைக்குப் போகவேணும்’ என்றால் ஒரு கணம் யோசிப்பார். ‘ஜெட்டிக்கு’ என்றால் போதும், எஞ்சினைக் கிளப்பிவிடுவார். மூதூருக்குப் படகேற நிற்பவரும் சரி, கரையில் இருந்து வலை பொத்துகிறவரும் சரி, ஜெட்டி என்றுதான் சொல்கிறார்கள். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். மனு எழுதும்போது அந்தச் சொல் காலை வாரிவிடும். என் காலை வாரியது.

எங்கள் கரையில் படகு கட்டுகிற சின்ன மேடை ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் பழைய டயர்கள் தொங்கும். கயிறு கட்டும் இரும்பு வளையம் துருவேறி, பிடித்து அசைத்தால் செதில் செதிலாக உதிரும். தண்ணீருக்குள் இறங்கும் படிகளில் மூன்றாவது உடைந்து, உள்ளிருந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வற்று நேரத்தில் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் ஏறினால் மறைந்துவிடும். ஐஸ் பெட்டி தூக்கி வந்த ஒருவரின் கால் அதில் கிழிந்த பிறகு, ‘ஜெட்டியைத் திருத்தித் தருதல்’ என்று தலைப்பிட்டு மனுவொன்று கொண்டுபோனேன். “தம்பி, ஜெட்டி எண்டா எது? துறைமுகமா, இறங்குதுறையா? அதைப் பொறுத்துத்தான் ஆர் பொறுப்பு எண்டு சொல்லலாம்” என்று திருப்பித் தந்தார்கள். அடுத்துப் போன அலுவலகத்திலும் இதே பதில். அலைச்சல் எரிச்சலைத் தந்தது, ஆனால் கேள்வி சரியான கேள்விதான்.

ஜெட்டி என்பது ஆங்கிலம் வழியாக வந்த பிரெஞ்சுச் சொல். ‘எறியப்பட்டது’ என்பது அதன் பொருள். அடியில் இருப்பது எறிதலைக் குறிக்கும் லத்தீன் வினை. அலையை மறிக்கக் கடலுக்குள் கல்லைப் போட்டு நீட்டிய அணையைத்தான் முதலில் அப்படி அழைத்தார்கள். ஆள் ஏறி இறங்கும் மேடை என்ற பொருள் அதன் மேல் பிறகு ஏறியது. நம் உள்துறைமுகத்தில் அலையை மறிக்கும் வேலையைக் குன்றுகளும் முனைகளுமே செய்துவிடுகின்றன. வாடைக்காற்று நேராக அறையும் திருக்கடலூர்ப் பக்கத்து நிலைமை வேறு.

தமிழில் துறை என்பது எறிதலிலிருந்து வந்த சொல் அல்ல, இறங்குதலைச் சேர்ந்த சொல். ஆற்றிலோ குளத்திலோ கடலிலோ மனிதர் நீரில் இறங்கும் இடம் துறை. நீராடு துறை, வண்ணான் துறை, படித்துறை எல்லாம் அந்தப் பொருளில் வந்தவை. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துத் தலைவனுக்குத் துறைவன் என்று பெயர். பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் இன்றுவரை அதைச் சுமந்து நிற்கின்றன. துறைமுகத்தின் முகம், நம் முகத்துவாரத்தில் இருக்கும் அதே முகம்தான். வாசல் என்று பொருள்.

துறைக்கு இன்னொரு பொருளும் உண்டு. தமிழ்நாட்டில் ‘மீன்வளத் துறை’ என்றால் அலுவலகம். அதையே நாம் திணைக்களம் என்கிறோம். சங்க இலக்கணத்தில் சேர்ந்தே வரும் திணையும் துறையும் பாக்கு நீரிணைக்கு இரு கரையிலும் ஆளுக்கொன்றாக அரச அலுவலகங்களுக்குப் பெயராகிவிட்டன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். அதே காரணத்தால்தான் எழுத்தில் வெறுமனே ‘துறை’ என்று போடாமல் ‘இறங்குதுறை’ என்று போட வேண்டியிருக்கிறது.

சரி, மனுவுக்கு வருவோம். அரச ஆவணங்களில் மூன்று சொற்கள் தனித்தனியாக நிற்கின்றன. மீன்பிடித் துறைமுகம் என்றால் பலநாள் படகுகள் வந்து தங்கும் இடம். எரிபொருள், ஐஸ், ஏல மண்டபம் எல்லாம் அங்கே இருக்கும். சீனக்குடாப் பக்கத்துக் கொட்பே அப்படிப்பட்டது. இவற்றை நடத்துவது 1972 இல் அமைந்த மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம். நங்கூரத் தளம் அதைவிடச் சிறியது. (நங்கூரமே பாரசீகத்து ‘லங்கர்’ நம் வாயில் மாறிய சொல்.) இறங்குதுறை எல்லாவற்றிலும் சிறியது, எண்ணிக்கையில் கூடியது, கவனிப்பில் கடைசி. பைபர் படகுகளும் வள்ளங்களும் அங்கேதான் கட்டப்படுகின்றன. கப்பல் வரும் வணிகத் துறைமுகம் 1979 இன் சட்டப்படி துறைமுக அதிகார சபையிடம் இருக்கிறது. இவை போக, கரையோர வலயத்துக்குள் எதைக் கட்டுவதென்றாலும் 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அந்த வலயம் தரைப்பக்கம் 300 மீற்றர், கடற்பக்கம் 2 கிலோமீற்றர். ஜெட்டி என்ற ஒரே சொல் இத்தனையையும் மூடிவிடுகிறது.

அந்தச் சட்டத்தின் பெயரில் இருக்கும் ‘பேணல்’ எனக்குப் பிடித்த சொல். வழக்கில் பராமரிப்பு என்கிறோம். அது வடமொழி வழி வந்தது. பழைய அகராதிகளில் பராமரித்தலுக்குப் பாதுகாத்தல் என்பதோடு ஆராய்தல் என்ற பொருளும் உண்டு. சாயம் பூசிவிட்டுப் போவது பராமரிப்பு ஆகாது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து வந்து, குனிந்து, அந்த மூன்றாவது படியைத் தடவிப் பார்க்க வேண்டும்.

மேல்நிலையில் இருந்து பார்ப்பதற்குக் கண்காணிப்பு. கண்ணும் காண்பதும் சேர்ந்த சொல். தோட்டத்துக் கங்காணியும் அதிலிருந்து வந்தவர்தான். கணக்கைப் பார்ப்பது கணக்காய்வு. தமிழ்நாட்டில் தணிக்கை என்பார்கள், நமக்குத் தணிக்கை என்றால் பத்திரிகையில் வெட்டுவது. கூட்டுத்தாபனங்களின் கணக்கைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பார்க்கிறார். அப்புறம் பாராளுமன்றத்தில் கோப் குழு, அதாவது அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு, அதிகாரிகளை அழைத்துக் கேட்கிறது. அந்த மேசைவரை ஓர் உடைந்த படி போய்ச் சேர வேண்டுமென்றால் அது முதலில் ஏதாவதொரு கோப்பில் சரியான பெயரோடு பதிவாகியிருக்க வேண்டும்.

இரண்டாவது மனுவில் ‘இறங்குதுறையின் கீழ்ப் படிகளில் மூன்றாவது’ என்று எழுதி, வற்று நேரத்தில் எடுத்த படத்தையும் இணைத்தேன். இம்முறை திருப்பித் தரவில்லை. பதிவேட்டில் எழுதி, இலக்கம் போட்டு, முத்திரை குத்திய பிரதியைத் தந்தார்கள். அடுத்த வாரம் அந்த இலக்கத்தோடு போய்க் கேட்பேன்.