சிறுநீரக நோயில் ரத்தசோகை: சுவரொட்டியும் முருங்கையும் மட்டும் ஏன் போதுவதில்லை?

சேலத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை வழங்கும் பணியில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி, உப்பைப் பற்றியதோ தண்ணீரைப் பற்றியதோ அல்ல, "ரத்தம் கம்மியா இருக்காம், என்ன கொடுத்தா ஊறும்?" என்பதுதான். கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் மனைவியாகவோ மகளாகவோ இருப்பார். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்), காலையில் பீட்ரூட் சாறு, இரவில் நான்கைந்து பேரீச்சம்பழம், வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை என்று எல்லாவற்றையும் ஏற்கெனவே கொடுத்துப் பார்த்திருப்பார். இவ்வளவு செய்தும் ஹீமோகுளோபின் எட்டரையைத் தாண்டவில்லையே என்று கலங்குபவருக்கு நான் முதலில் சொல்வது, அவருடைய கவனிப்பில் எந்தக் குறையும் இல்லை என்பதைத்தான்.

ரத்தச் சிவப்பணுக்கள் உருவாக எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் வேண்டும்; அதன் பெரும்பகுதியைச் சுரப்பது சிறுநீரகம். சிறுநீரகம் நலியும்போது அந்தச் சுரப்பு குறைகிறது. சுமார் 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணுக்களும் முன்னதாகவே அழிந்துவிடுகின்றன. இத்துடன் கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது. உணவிலிருந்து எவ்வளவு இரும்பு ரத்தத்துக்குள் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது இதுதான். உடலில் நீடிக்கும் அழற்சியாலும், சிறுநீரகம் அதைச் சரிவர வெளியேற்றாததாலும், இந்நோயில் ஹெப்சிடின் அளவு உயர்ந்துவிடுகிறது. அப்போது குடலின் செல்களுக்குள் வந்த இரும்பு ரத்தத்துக்குப் போக வழியின்றி, அந்தச் செல்கள் உதிரும்போது மலத்தோடு கழிந்துவிடுகிறது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் சேமிப்பாக இருக்கும் இரும்பும் வெளியே வர முடியாமல் அடைபட்டுப் போகிறது. பத்தாயம் நிறைய நெல் இருந்தும் சாவி கிடைக்காத வீட்டில் உலை வைக்க முடியாததைப் போன்றது இந்த நிலை.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இது விளங்கும். நலமாக உள்ள ஒருவரின் குடல் ஒரு நாளில் உணவிலிருந்து 1 முதல் 2 மி.கி. இரும்பைத்தான் உறிஞ்சுகிறது, ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் அது ஒரு கிராமுக்குள் அடங்கிவிடும். ரத்தத்தை இயந்திரத்தில் வடிகட்டிச் சுத்தம் செய்யும் ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்பவரோ, வடிகட்டியிலும் குழாயிலும் தங்கிவிடும் ரத்தத்தாலும் அடிக்கடி எடுக்கும் பரிசோதனை ரத்தத்தாலும் ஆண்டுக்கு 1 முதல் 3 கிராம் வரை இரும்பை இழக்கிறார். ஹெப்சிடின் வழியை அடைத்திருக்கும் உடலில் இந்த இழப்பைச் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட இயலாது. எனவேதான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரும்பை ஊசியாக ரத்தக்குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். "சாப்பாட்டிலேயே சரி பண்ணிக்கிறோம், ஊசி வேண்டாம்" என்று குடும்பத்தினர் மறுக்கும்போது நான் மிகவும் கவலைப்படுகிறேன்.

அதைவிடக் கவலை தருவது, ரத்தம் ஊறுவதற்கென்று கொடுக்கும் உணவோடு சேர்ந்து வரும் பொட்டாசியம். 100 கிராம் பேரீச்சையில் 650 மி.கி.க்கு மேல் பொட்டாசியம் உண்டு. சதைப்பற்றான வகைகளில் இரும்பு ஏறத்தாழ 1 மி.கி. மட்டுமே. பீட்ரூட்டிலும் மாதுளையிலும் நிறம் இருக்கும் அளவுக்கு இரும்பு கிடையாது. சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் ரத்தத்தில் உயர்ந்தால், முன்னறிவிப்பு ஏதுமின்றி இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். முருங்கைக்கீரையில் இரும்பு ஓரளவு இருந்தாலும் பொட்டாசியமும் கூடவே இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் கட்டுக்குள் இருந்தால், கீரையை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை முழுவதும் கொட்டிவிட்டு, எப்போதாவது சிறிதளவு பொரியலாகச் சாப்பிடலாம். வேகவைத்த நீரை ரசமாக்கக் கூடாது. காயவைத்த முருங்கைப் பொடி இன்னும் செறிவானது என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

சுவரொட்டியின் நிலை சற்று வேறு. அசைவ உணவில் உள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்கும். சுவரொட்டியிலும் ஈரலிலும் அது மிகுதியாகவே இருக்கிறது. ஆனால் இவற்றில் பாஸ்பரஸும் புரதமும் அதிகம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் புரதம் கூடுதலாகத் தேவைப்படும். டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் இருப்பவர் அதை அளந்து சாப்பிட வேண்டும். ஆகவே அண்டை வீட்டு நோயாளிக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காக அதே உணவுமுறையைப் பின்பற்றக் கூடாது.

சேர்வராயன் மலையில் காபி விளைகிறது. நம் வீடுகளில் அது இல்லாமல் பொழுது விடிவதில்லை. காலையில் டிபனுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடிக்கும் காபியால் இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்கப்படுவதில்லை. இட்லி சாப்பிட்ட கையோடு குடிக்கும் இரண்டாவது காபியை, ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாலும்கூட, அது உணவில் உள்ள இரும்பைத் தடுக்கும். தேநீர் உணவோடு சேரும்போது இன்னும் கூடுதலாகத் தடுக்கும். சாப்பாட்டின் மேல் சில துளி எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்வது நல்லது; அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். அதற்காக வைட்டமின் சி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. அளவு மிகுந்தால் ஆக்சலேட் என்ற உப்பு சேர்ந்து சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

அம்மாப்பேட்டை, எடப்பாடி பகுதிகளிலிருந்து வரும் தறிக்காரர்களிடம் நான் தவறாமல் கேட்பது வலி மாத்திரையைப் பற்றி. நாள் முழுவதும் தறியில் வேலை செய்து, முதுகு வலிக்கும் முழங்கால் வலிக்கும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் பலர். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தை நேரடியாகப் பாதிப்பதோடு, இரைப்பையில் புண்ணாக்கிச் சிறிது சிறிதாக ரத்தம் கசியவும் வைக்கும். அந்தக் கசிவை நிறுத்தாமல் என்ன சாப்பிட்டாலும் இரும்பு சேமிப்பு நிறையாது. தார் போன்ற கருமையான, பிசுபிசுப்பான மலம் போனால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரும்பு தேவையா என்று முடிவு செய்ய முடியாது. உடலின் இரும்பு சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எந்த அளவுக்கு நிரம்பியிருக்கிறது என்பதைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாட்சுரேஷன் என்ற இரண்டு பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபெரின் சாட்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்து, ஃபெரிட்டினும் 100க்குக் கீழே, டயாலிசிஸில் இருப்பவருக்கு 200க்குக் கீழே இருந்தால், உடலில் உண்மையிலேயே இரும்பு குறைந்திருக்கிறது என்று பொருள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் உயர்வாகவே காட்டும் என்பதால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் மருத்துவர் இரும்பு மாத்திரையைச் சில மாதங்கள் கொடுத்துப் பார்க்கலாம். அதைப் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டுக்கும் இடையே நேரம் விட வேண்டும். சித்த மருந்தான அயச்செந்தூரம் சாப்பிடுபவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதுவும் இரும்பு கலந்த மருந்துதான்.

ரேஷன் கடையில் கொடுத்துவந்த செறிவூட்டப்பட்ட அரிசியைப் பற்றியும் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் என்று எண்ணிச் சிலர் அந்த மணிகளைப் பொறுக்கி எறிகிறார்கள். அவை அரிசி மாவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் கலந்து செய்தவை. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில் சேர்க்கப்படுகின்றன. இப்படிக் கலந்த ஒரு கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மி.கி. இரும்பு இருக்கும், ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் சோற்றில் சில மி.கி. மட்டுமே சேரும். பெரும்பாலான சிறுநீரக நோயாளிகள் அதைத் தவிர்க்க வேண்டியதில்லை. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு ஃபெரிட்டின் மிக உயர்ந்திருப்பவர்களும், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களும் மட்டும் பரிசோதனை முடிவை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.